பதினேழாவது படி

அத்தியாயம் 22

சர்வேயர் பூரானைப் பங்கு போட்ட கதையைப் போன வாரம் படித்துவிட்டு நிறையப் பேர் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். பாதிப் பேருக்கு அம்மா பாவம். மீதிப் பேருக்கு மகள் பாவம். சர்வேயர் பாவம் என்று ஒருவர்கூட எழுதவில்லை. அதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு ஒரு மகன், ஒரு மகள். மகன் நிலம் அளக்கும் சர்வேயர். மகள் பல்செட் செய்கிறவள். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்ததிலிருந்து, இரண்டு வருடமாக அம்மாவால் எழுந்து நடக்க முடியாது. அவளுக்காகப் பிள்ளைகள் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கிய இயந்திரம்தான் பூரான்.

பூரான் என்றால் நாற்பத்தாறு சதுரக் கட்டைகள். ஒவ்வொன்றும் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கும். "வா" என்றால் எங்கே கிடந்தாலும் உருண்டு வரும். "நாற்காலி" என்றால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கொக்கி போட்டுக்கொண்டு நாற்காலியாகும். "கை" என்றால் நீண்டு போய் மேல் அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்துக் கொடுக்கும். "படி" என்றால் அம்மாவைச் சுமந்தபடியே பின்னாலிருக்கும் கட்டைகள் முன்னால் உருண்டு வந்து, படிக்குப் படி புதிதாகக் கால் வைத்து இறங்கும். அந்த நடையைப் பார்த்துத்தான் அம்மா அதற்குப் பூரான் என்று பெயர் வைத்தாள்.

ஆறு மாதம் மகள் வீடு, ஆறு மாதம் மகன் வீடு. அம்மா போகிற வீட்டுக்குப் பூரானும் போகும். பேச்சு அப்படித்தான். ஆனால் சர்வேயருக்குத் தங்கை மேல் நம்பிக்கை இல்லை. "நாளைக்கு நீ குடுக்க மாட்டேன்னுட்டா நான் என்ன பண்றது?" என்று கேட்டு, தன் பாதியான இருபத்து மூன்று கட்டைகளையும் போன வாரமே எண்ணி எடுத்துக்கொண்டு போய்விட்டார். மீதி இருபத்து மூன்றில் முதுகு சாய முடியாத முக்காலிதான் வரும். ஏழு நாளாக அம்மா அதில்தான் உட்கார்ந்திருந்தாள்.

இன்று அம்மா மகன் வீட்டுக்குப் போகிற நாள்.

*

காலை எட்டு மணிக்கு மகள் அம்மாவுக்குப் புதுப் பல்செட்டை மாட்டிவிட்டாள். மூன்று முறை மெழுகில் பதித்துப் பார்த்து, இரண்டு முறை உரசி, ஈறு புண்ணாகாமல் அவளே செய்தது. காசு கொடுக்கிறவர்களுக்குக்கூட அவள் இவ்வளவு மெனக்கெட்டதில்லை.

"கடி."

"கடிச்சாச்சு."

"எங்கயாவது குத்துதா?"

"குத்தினாலும் இனிமே உன்கிட்ட எதுக்குச் சொல்லப் போறேன்? எம்புள்ள வீட்டுக்குப் பக்கத்துலயே பல் டாக்டர் இருக்காராம்."

இதற்கு முன்னால் செய்துகொடுத்த பல்லை வைத்துக்கொண்டு அம்மா செய்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மகனுக்குப் போன் போடுவாள். அவள் அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரே சுவர். ஒரு வார்த்தை சிந்தாமல் இந்தப் பக்கம் வந்து சேரும்.

"ஆறிப்போனதைத்தான்டா போடுறா. கேட்டா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிறா."

"குளிச்சு மூணு நாள் ஆச்சு. விடு, சொன்னா உனக்குத்தான் மனசு கஷ்டம்."

அன்று காலை குளிப்பாட்டிய ஈரத் துண்டு இன்னும் கொடியில் சொட்டிக்கொண்டிருக்கும். மகள் அதைப் பார்த்துக்கொண்டே இதைக் கேட்பாள். அவளும் ஒன்றும் தேவதை இல்லை. ஒருமுறை ஆத்திரத்தில் அம்மாவின் போன் சார்ஜரை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்தாள். இரண்டு நாள் வீடு அமைதியாக இருந்தது. மூன்றாம் நாள் அம்மா பூரானை விட்டு "கை" நீட்டச் சொல்லி டப்பாவையே இறக்கிவிட்டாள்.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்."

"என் துணியெல்லாம் வெச்சிட்டியா?"

"ரெண்டு பெட்டியும் கட்டியாச்சு. அண்ணா வந்ததும், என் முன்னாடி, அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ. 'இவ என்னை நல்லாத்தான் பாத்துக்கிட்டா'ன்னு. அது போதும். வேற எதுவும் நான் கேக்கல."

அம்மா கைக்கண்ணாடியில் பல்லைப் பார்த்தாள். "எதுக்குடி? அவன் என்ன உனக்கு மார்க்கா போடப் போறான்?"

"ஆறு மாசமா நீ சொன்னதை அவன் கேட்டிருக்கான். அண்ணியும் கேட்டிருக்காங்க. உன்னைப் பாக்கணும்னு தோணினா நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அந்த வீட்டு வாசல்ல போய் நிப்பேன்?"

"பாக்கலாம்."

அம்மாவின் "பாக்கலாம்" அந்தக் குடும்பத்தில் பிரசித்தம். மகள் ஒன்பது வயதில் சைக்கிள் கேட்டபோது சொன்ன பாக்கலாம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அண்ணனுக்கு அதே வருடம் சைக்கிள் வந்தது.

ஆனாலும் அவள் நம்பினாள். நாற்பத்திரண்டு வயதில், காது ஓரம் நரைத்த பிறகும், அந்த ஒரு வார்த்தைக்காக அவள் மனசு அடித்துக்கொண்டது.

*

பத்து மணிக்குக் கீழே கார் வந்து நின்றது. உள்ளே அண்ணி. அவள் இறங்கவில்லை. இறங்குகிற உத்தேசமும் இல்லை. வந்தாச்சு என்பதற்கு ஒரு ஹாரன் அடித்தாள், அவ்வளவுதான்.

சர்வேயர் இரண்டு சாக்குகளைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டாவது மாடிக்கு ஏறி வந்தார். சாக்கைக் கவிழ்த்ததும் மகள் திகைத்துப்போனாள். ஒவ்வொரு கட்டையிலும் சிவப்பு எனாமல் பெயிண்டில் ஒரு எண். ஒன்று முதல் இருபத்து மூன்று வரை.

"என்னண்ணா இது?"

"அடையாளம். ஒண்ணோட ஒண்ணு கலந்துபோச்சுன்னா? எது உன்னுது, எது என்னுதுன்னு நாளைக்குத் தகராறு வரக் கூடாதில்ல?"

"ரெண்டு பக்கமும் போட்டிருக்கே?"

"எல்லைக்கல்லுன்னா ரெண்டு பக்கமும் போடணும்மா. இந்தப் பக்கத்துக்காரனுக்கும் தெரியணும், அந்தப் பக்கத்துக்காரனுக்கும் தெரியணும்."

இருபது வருடமாக எல்லைக்கல்லில் எழுதிப் பழகிய கை. எழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. குறை சொல்ல முடியாது.

கட்டையின் ஒவ்வொரு முகத்திலும் நடுவில் நான்கு செப்புப் புள்ளிகள் உண்டு. பக்கத்துக் கட்டையோடு அது பேசுவது அந்தப் புள்ளிகள் வழியாகத்தான். பேச்சு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நீ இருக்கிறாயா, இருக்கிறேன், அவ்வளவுதான். எண்ணை நடுவில் எழுதினால்தான் எடுப்பாக இருக்கும் என்று சர்வேயர் சரியாக அந்தப் புள்ளிகளின் மேலேயே எழுதியிருந்தார். பன்னிரண்டு மணிக்கு ஒருவருக்குப் பல் கொடுத்தாக வேண்டிய அவசரத்தில் மகள் அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் இந்த வாரம் எனக்கு எழுத ஒன்றும் இருந்திருக்காது.

"படி" என்றாள் அம்மா.

நாற்பத்தாறும் உருண்டு வந்தன. பெயிண்ட் படாத பக்கங்களாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டன. ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் முறையாக அம்மாவின் முதுகு சாய்ந்தது. "அப்பாடா" என்று கண்ணை மூடித் திறந்தாள். மடியில் கைப்பை. பெட்டிகள் ஏற்கெனவே காருக்குப் போய்விட்டன.

"போற வழியில பேசிக்கலாம்னு நெனைக்காதே. இங்கயே சொல்லிடு" என்றாள் மகள் மெதுவாக.

"கீழ எறங்கட்டும்டி. அவசரம் என்ன?"

மொத்தம் முப்பத்தாறு படி. பூரான் வழக்கம்போல ஆரம்பித்தது. பின்னால் இருந்த கட்டை முன்னால் உருண்டு வந்து அடுத்த படியில் உட்காரும், அதன்மேல் இன்னொன்று வரும், அம்மா குலுங்காமல் ஒரு படி இறங்குவாள்.

ஐந்தாவது படியில் டொக் என்று ஒரு சத்தம்.

ஏழாம் எண் கட்டை சுவரோரமாகத் தனியாக உட்கார்ந்திருந்தது. நடந்தது இதுதான். உருண்டு வரும்போது அதன் பெயிண்ட் அடித்த முகம் பக்கத்துக் கட்டையின்மேல் பட்டது. பக்கத்துக் கட்டை நீ இருக்கிறாயா என்று கேட்டது. பதில் இல்லை. பதில் சொல்லாத கட்டை பூரானைப் பொறுத்தவரை செத்த கட்டை. செத்ததை ஓரமாக வைத்துவிட்டு இருப்பதை வைத்துச் சமாளித்துக்கொண்டு போவதுதான் அதன் வழக்கம்.

அடுத்த படியில் பத்தொன்பது. அப்புறம் நான்கும் பதினொன்றும் சேர்ந்து. அம்மாவின் முதுகுச் சாய்மானம் வரிசை வரிசையாக இறங்கியது. பிறகு கைப்பிடி போனது.

"என்னடி பண்றே?" என்று அம்மா கத்தினாள். கத்தியது மகளைப் பார்த்து. மகளைவிட மகன்தான் அவளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"நான் எதையும் தொடலம்மா!"

பதினேழாவது படியில் ஏழெட்டுக் கட்டை ஒரே நேரத்தில் கழன்றுகொள்ள, மஞ்சள் விளக்கு எரிந்தது. ஆளைச் சுமந்து படி இறங்கக் குறைந்தது முப்பத்தெட்டுக் கட்டை வேண்டும். முப்பத்திரண்டுதான் மிச்சம். ஏறவும் அதே கணக்குதான். பூரான் தன்னைச் சுருக்கி முக்காலியாக்கிக்கொண்டு, அம்மாவோடு அந்தப் படியிலேயே நின்றுவிட்டது. இன்னும் ஒரே ஒரு படி இறங்கியிருந்தால் முதல் மாடித் தளம்.

மகள் ஏழாம் எண்ணைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணா! புள்ளி மேலயே எழுதி வெச்சிருக்கியே!"

"எந்தப் புள்ளி? முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே? பூரானோட வந்த புத்தகத்தைப் படிச்சவ நீதான்."

"நீ பெயிண்ட் டப்பாவைத் தூக்குவேன்னு நான் கனவா கண்டேன்?"

"சரி, கத்தாதே. துடைச்சா சரியாயிடும். தின்னர் வேணும், எங்க வீட்லதான் இருக்கு."

"அதுவரைக்கும் அம்மா? ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுத் தூக்கிடலாம் வா."

சர்வேயரின் கை உடனே இடுப்புக்குப் போனது. "எனக்கு டிஸ்க் பிரச்சனை இருக்குன்னு தெரியாதா உனக்கு? ஒரு வாளித் தண்ணிகூடத் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

இரண்டு சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு முப்பத்தாறு படி ஏறி வந்த அதே மனிதர்தான்.

"அப்ப முதல் மாடியில ரெண்டு ஆம்பளைங்க இருக்காங்க, கூப்பிடுறேன்."

"ஒருத்தனும் என்னைத் தொடக் கூடாது" என்றாள் அம்மா. "நாலு பேர் சேந்து என்னைத் தூக்குறது ஒரே ஒரு தடவைதான். அது இன்னிக்கு இல்ல."

அதற்குமேல் அவளிடம் பேச முடியாது. எல்லோருக்கும் தெரியும்.

சர்வேயர் மேலே பார்த்தார். கீழே பார்த்தார். உதடு அசைந்தது. எண்ணுகிறார்.

"மொத்தம் முப்பத்தாறு. இது பதினேழு. இன்னும் பாதி ஆகல."

"அதனால?"

"அதனால அம்மா இன்னும் உன் பக்கம்தான்."

மகள் மேலே தன் வாசலைக் காட்டினாள். "என் வாசப்படியைத் தாண்டியாச்சு. பெட்டி உன் கார்ல இருக்கு. இனிமே உன் பொறுப்பு."

"வாசப்படின்னு யாரு சொன்னது? எங்க வீட்டுக்கு வந்து சேந்த நாள்லேருந்து ஆறு மாசம். அதுதான் பேச்சு. வந்து சேந்தாத்தானே?"

"அப்ப நடுவுல இருந்தா?"

"நடுவுலயே இல்லைங்கிறேன். ஒரு படி குறையுது."

அம்மா இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். தன்னைத்தான் அளக்கிறார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. அப்போதும் அவள் மகனைப் பார்த்துத்தான் சிரித்தாள். குழந்தை ஏதோ விளையாட்டுக்குப் பேசுகிறது என்கிற மாதிரி.

சர்வேயரின் போன் அடித்தது. கீழேயிருந்து அண்ணி. அவர் நாலைந்து படி இறங்கிப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் பேசினார். மாடிப்படியில் குரலைத் தாழ்த்தி என்ன பிரயோஜனம்? அது அப்படியே மேலே ஏறி வந்தது.

"இல்லம்மா, பாதியிலயே நின்னுடுச்சு... இன்னிக்கு நடக்காது போல... சத்தியமா நான் ஒண்ணும் பண்ணல, அதுவா நின்னுடுச்சு. ஆமா ஆமா. அந்த ரூமைக் காலி பண்ண வேணாம்னு சொல்லிடு."

கடைசி வரியில் ஒரு சிரிப்பு இருந்தது. பரீட்சை தள்ளிப்போன மாணவனின் சிரிப்பு.

அம்மாவுக்கு இடுப்புதான் போயிருக்கிறது. காது நன்றாகக் கேட்கும். மகனின் மூன்று வயதிலிருந்து அந்தச் சிரிப்பை அவளுக்குத் தெரியும். வலித்தது. நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு வலித்தது. ஆனால் வலித்த கையோடு உட்கார்ந்து அழுகிற ஜாதி இல்லை அவள். வேறு என்ன வழி என்று யோசிக்கிற ஜாதி.

சர்வேயர் திரும்பி வந்து, படிகளில் கிடந்த பதினான்கு கட்டைகளையும் பொறுக்கிச் சாக்கில் போட்டார். பிறகு முக்காலியில் மிச்சமிருந்த தன் கட்டைகளைத் தொட்டுக் காட்டி "விடு" என்றார். சிவப்பு எண் போட்ட ஒன்பதும் முக்காலியிலிருந்து கழன்று வந்தன. அம்மா நான்கு விரல் கீழே இறங்கினாள்.

"அம்மா உக்காந்திருக்காண்ணா!"

"எல்லாத்தையும் எடுத்தாத்தானே துடைக்க முடியும்? மீதி இருபத்து மூணு இருக்கில்ல. ஒரு வாரமா அதுலதானே உக்காந்திருந்தாங்க?"

"டேய் கண்ணு" என்றாள் அம்மா.

"என்னம்மா?"

"உன் தங்கச்சி என்னை நல்லாத்தான்டா பாத்துக்கிட்டா."

மகள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சரியாகக் கேட்டோமா என்று சந்தேகம். அம்மா விடவில்லை. "வேளாவேளைக்குச் சூடா சாப்பாடு. ஒரு நாள் தவறாம குளியல். நான்தான் ஏதோ வாய்க்கு வந்ததை உன்கிட்ட சொல்லிட்டிருந்தேன். பொண்ணைப் பெத்தா இப்படிப் பெக்கணும்."

கேட்டது ஒரு வார்த்தை. கிடைத்தது ஒரு கூடை. மகளுக்குக் கண் நிறைந்து படி மங்கலாகத் தெரிந்தது. முப்பது வருடக் கோபத்தையும் அந்த நிமிடமே யாராவது கேட்டிருந்தால் சும்மா கொடுத்திருப்பாள்.

"அதனால நான் இவகூடவே இருந்துடறேன்" என்றாள் அம்மா. "நீ வீணா அலையாதே."

சர்வேயர் அரை நொடிகூட யோசிக்கவில்லை. "அம்மாவே சொல்லிட்டாங்க. இதுக்கு மேல நான் என்ன சொல்றது?" தங்கையின் தோளில் ஒரு தட்டு. "நீ குடுத்து வெச்சவம்மா." சாக்கைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். டிஸ்க் ஒரு படிகூடத் தடுக்கவில்லை. கீழே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கார் போய்விட்டது. அம்மாவின் இரண்டு பெட்டிகளும் அதிலேயே போய்விட்டன.

மகள் இன்னும் அங்கேயே நின்றாள்.

"நெஜமாத்தான் சொன்னியாம்மா?"

அந்தக் குரலுக்கு ஒன்பது வயதுதான் இருக்கும். அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"வேற என்ன சொன்னா நீ என்னைத் திரும்ப மேல கூட்டிட்டுப் போவே?"

மகள் அழவில்லை. மேலே போனாள். பல்செட் இருந்த பையையும் கட்டைகள் வைக்கிற பெட்டியையும் எடுத்துக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டுப் பதினேழாவது படிக்கு இறங்கி வந்தாள்.

"பிரி" என்றாள்.

முக்காலி மெதுவாகத் தாழ்ந்து, அம்மாவை அலுங்காமல் படியில் உட்காரவைத்துவிட்டு, ஒவ்வொன்றாகக் கழன்று பெட்டிக்குள் போனது. அந்த வீட்டில் அம்மாவிடம் பதமாக நடந்துகொண்டது அது ஒன்றுதான்.

"என்னடி பண்றே? தரை சில்லுனு இருக்குடி!"

"வேலைக்குப் போறேன். பன்னெண்டு மணிக்குப் பல் குடுக்கணும்."

"என்னை இங்க விட்டுட்டா?"

"நான்தான் உன்னை நல்லாப் பாத்துக்கிட்டேனே. நீயே உன் வாயால சொல்லிட்டே. எனக்கு அது போதும்மா."

அவள் இறங்கினாள். முதல் மாடி. திருப்பம். கீழ்த்தளம். செருப்புச் சத்தத்தை அம்மா எண்ணிக்கொண்டே இருந்தாள்.

"அடியே!"

செருப்புச் சத்தம் நின்றது.

இருபத்திரண்டு வாரமாக இந்தப் பெண்ணோடு குடித்தனம் நடத்துகிறேன். எனக்குத் தெரியும். அம்மா வாயைத் திறந்து எதைச் சொல்லியிருந்தாலும், திட்டியிருந்தால்கூட, அவள் மேலே ஏறி வந்திருப்பாள். ஒரு காலை மேல் படியில் வைத்தும்விட்டாள்.

"உங்கண்ணனுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடு" என்று மேலேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "காலையில சாப்பிடாமக் கிளம்பியிருப்பான். வெயில் வேற. மெதுவா ஓட்டச் சொல்லு."

ஸ்கூட்டர் கிளம்பியது. தெருமுனையில் திரும்பி, சத்தம் தேய்ந்து, இல்லாமல் போனது.

கட்டைப் பெட்டியை வண்டியில் வைத்துக்கொண்டு போனாளா, கீழ்ப்படியில் வைத்துவிட்டுப் போனாளா, அம்மா இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் தெரியாது. "வா" என்று ஒரு குரல் கொடுத்தால் தெரிந்துவிடும். பெட்டி கீழே இருந்தால் இருபத்து மூன்றும் படியேறி வந்துவிடும்.

அம்மா வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். கூப்பிட்டு ஒன்றும் வராவிட்டால் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. மணி அப்போது பதினொன்றரைகூட ஆகவில்லை.